ஊரே விழாக் கொண்டாடும் பிறந்த நாள்!

பிறந்த நாள் என்றால் நம் வீடுகளில் என்ன நடக்கும்?

காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பார்கள். புதுத் துணி உடுத்துவார்கள். பெரியவர்கள் காலில் விழுந்து வணங்குவார்கள். "நூறு வயது நன்றாக இரு!" என்று பாட்டி தலையில் கை வைத்து வாழ்த்துவாள். அடுப்பில் பாயசம் கொதிக்கும். பக்கத்து வீட்டுக்கும் ஒரு கிண்ணம் போகும்.

பணக்கார வீடு என்றால் பெரிய விருந்து நடக்கும். ஏழை வீடு என்றால் ஒரு துண்டு வெல்லமாவது வாயில் போடுவார்கள். எந்த வீடானாலும் ஒன்று மட்டும் பொது. பிறந்த நாள்காரரைச் சுற்றி நாலு பேர் இருப்பார்கள்.

கடல் கடந்து போனவர்களுக்கு அந்த நாலு பேர் எங்கே?

படிக்கப் போன மகள் இருக்கிறாள். பிழைக்கப் போன மகன் இருக்கிறான். பிறந்த நாளன்று வீட்டிலிருந்து டெலிபோன் வரும். இந்தக் காலத்தில் பேச்சும் கேட்கிறது, முகமும் தெரிகிறது. ஆனால், டெலிபோன் வழியாகப் பாயசம் போகுமா? தலையில் கை வைத்து வாழ்த்த முடியுமா? பேசி முடித்ததும் அறை மறுபடியும் வெறிச்சோடிப் போகும்.

இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. அன்றைக்கென்று அந்த ஊரில் ஒரு பெரிய திருவிழாவும் வந்துவிட்டால்?

தெருவெல்லாம் வாத்திய முழக்கம். வீட்டுக்கு வீடு சிரிப்பும் பேச்சும். நம் பிள்ளை மட்டும் மாடி ஜன்னலில் நின்று வேடிக்கை பார்க்கும். ஆள் இல்லாத காட்டில் தனியாக இருப்பதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். ஊரே கூடி இருக்கும்போது தனியாக இருப்பதைத் தாங்க முடியாது.

அந்தத் தனிமையைப் போக்க வழி உண்டா? உண்டு! ஐரோப்பாவில் உள்ள ஒரு நகரம் அந்த வழியைச் சொல்லித் தருகிறது. அந்த நகரத்தின் பெயர் லெய்டன்.

நகரத்துக்கு மட்டும் விடுமுறை

லெய்டன், ஹாலந்து நாட்டில் இருக்கிறது. அந்த நாட்டின் முறையான பெயர் நெதர்லாந்து. கடல் மட்டத்துக்கும் தாழ்ந்த நிலம் அங்கே ஏராளம். கரை கட்டிக் கடலைத் தடுத்து, அந்தப் பள்ளத்தில் பயிர் செய்கிறார்கள், மாடு மேய்க்கிறார்கள், வீடு கட்டி வாழ்கிறார்கள்.

ரைன் நதியின் பழைய கிளை ஒன்று லெய்டன் வழியாக ஓடுகிறது. ஊருக்குள் எங்கு பார்த்தாலும் வாய்க்கால். வாய்க்காலுக்கு வாய்க்கால் பாலம். பாலத்துக்குப் பாலம் சைக்கிள் கூட்டம். மக்கள் தொகை ஒன்றேகால் லட்சத்துக்கு மேல். நம் கணக்குப்படி நடுத்தரமான ஒரு நகரம். ஆனால், அங்கே உலகப் புகழ் பெற்ற பல்கலைக்கழகம் இருக்கிறது. பல நாட்டுப் பிள்ளைகள் அங்கே வந்து படிக்கிறார்கள்.

இந்த ஊருக்கு ஆண்டுதோறும் அக்டோபர் 3-ந் தேதி விடுமுறை. நாடு முழுவதற்கும் அல்ல; லெய்டனுக்குத்தான். ரயில் ஏறினால் கால் மணி நேரத்தில் ஹேக் நகரம் வந்துவிடும். அங்கே அன்று ஆபீசுகள் வழக்கம்போல் நடக்கும். பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கும். லெய்டனில் மட்டும் பள்ளிகளுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் லீவு. மக்கள் எல்லோரும் தெருவில்தான் இருப்பார்கள்.

இப்படித் தனி விழா நாள் உள்ள ஊர்கள் அந்த நாட்டில் வேறு சிலவும் உண்டு. ஆல்க்மார் நகரத்துக்கு அக்டோபர் 8. குரோனிங்கன் நகரத்துக்கு ஆகஸ்டு 28. எல்லாம் எதிரியின் முற்றுகையிலிருந்து ஊர் தப்பிப் பிழைத்த நாள்கள்.

நம் ஊர்ப் பெண் ஒருத்தி லெய்டனில் படிக்கப் போயிருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். செப்டம்பரில் வகுப்பு தொடங்கிற்று. அவள் போய் ஒரு மாதந்தான் ஆகிறது. அவளுடைய பிறந்த நாள் அக்டோபர் 3. காந்தியடிகள் பிறந்த நாளுக்கு மறுநாள்.

காலையில் கண் விழிக்கிறாள். இன்னும் சரியாக விடியவில்லை. குளிர் வேறு. அந்த நேரத்தில் வெளியே வாத்திய ஓசை கேட்கிறது. ஜனங்கள் கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள். "எதற்கு இந்த ஆரவாரம்?" என்று பக்கத்து அறைப் பெண்ணைக் கேட்கிறாள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, நானூற்று ஐம்பது ஆண்டுகளுக்கு முந்தைய கதை ஒன்றைச் சொல்லத் தொடங்குகிறாள்.

பட்டினி கிடந்த ஊர்

16-ம் நூற்றாண்டில் ஹாலந்து, ஸ்பெயின் மன்னரின் ஆட்சியில் இருந்தது. மன்னர் பெயர் இரண்டாம் பிலிப். வரிச்சுமை ஒரு பக்கம். மதத்தின் பெயரால் அடக்குமுறை மறு பக்கம். மக்கள் எத்தனை நாள் பொறுப்பார்கள்? 1568-ம் ஆண்டில் போர் மூண்டது. அது லேசில் முடியவில்லை. 1648-ம் ஆண்டு வரை, எண்பது ஆண்டுகள் நீடித்தது. போரைத் தொடங்கி நடத்தியவர் ஆரஞ்சு இளவரசர் வில்லியம்.

1573-ம் ஆண்டு அக்டோபரில் ஸ்பெயின் படை லெய்டனை வளைத்துக்கொண்டது. ஊரைச் சுற்றி மதில் இருந்தது. மதிலுக்குள் மக்கள், வெளியே எதிரி. 1574 மார்ச் மாதத்தில், வேறு போர்க்களத்துக்குப் போக வேண்டியிருந்ததால், படை விலகிப் போயிற்று. "அப்பாடா!" என்று மக்கள் பெருமூச்சு விட்டார்கள்.

அங்கேதான் தவறு செய்தார்கள். போனவன் திரும்பி வரமாட்டான் என்று நம்பி, களஞ்சியத்தைப் போதுமான அளவு நிரப்பாமல் விட்டுவிட்டார்கள். மே மாதக் கடைசியில் படை திரும்பி வந்தது. மறுபடியும் முற்றுகை!

ஜூன் போயிற்று. ஜூலை போயிற்று. தானியம் குறைந்தது. அளந்து கொடுத்தார்கள். பிறகு அளப்பதற்கும் ஒன்றும் இல்லை. நாயையும் பூனையையும் தின்றார்கள். இலை தழைகளைத் தின்றார்கள். பசியின் பின்னாலேயே கொள்ளை நோயும் வந்தது. ஊர் மக்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கினர் மாண்டுபோனார்கள் என்று சொல்லப்படுகிறது.

பசி தாங்க முடியாத சிலர் நகரத் தலைவரிடம் போய், "ஊரை எதிரியிடம் ஒப்படைத்துவிடுங்கள்" என்று முறையிட்டார்களாம். அவர் பெயர் பீட்டர் வான் டெர் வெர்ஃப். அவர் தம் கையை நீட்டி, வேண்டுமானால் இதை வெட்டித் தின்று பசியாறுங்கள். ஊரை மட்டும் கொடுக்க மாட்டேன் என்ற கருத்தில் பதில் சொன்னார் என்பது அந்த ஊரில் வழிவழியாக வரும் கதை. அவருடைய சிலை, அவர் பெயர் கொண்ட பூங்காவில் நிற்கிறது.

வெளியே இருந்தவர்களுக்கும் உள்ளே இருந்தவர்களுக்கும் செய்தி எப்படிப் போயிற்று தெரியுமா? புறாக்கள் கொண்டு போயின!

கடலைக் கூப்பிட்டார்கள்

தரை வழியாக வந்து ஊரை மீட்கப் போதுமான படை இளவரசர் வில்லியத்திடம் இல்லை. ஆனால், அவர் பக்கம் கடலில் தேர்ந்த வீரர்கள் இருந்தார்கள். கப்பல் இருந்தது. என்ன செய்வது? லெய்டனோ கடற்கரையில் இல்லை.

கப்பல் கடலைத் தேடிப் போகும். இங்கே கப்பலுக்காகக் கடலை ஊருக்குக் கொண்டுவரத் துணிந்தார்கள்!

1574 ஆகஸ்டில் கரைகளை வெட்டிவிட்டார்கள். பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து பாடுபட்டுக் கட்டிய கரைகள் அவை. வெட்டினால் வயல் மூழ்கும். வீடு மூழ்கும். உப்பு நீர் புகுந்த நிலம் மறுபடியும் விளைய நாளாகும். இது அவர்களுக்குத் தெரியும். தெரிந்தேதான் வெட்டினார்கள். லெய்டனில் இருந்தவர்கள் பிழைக்க வேண்டும் என்பதற்காக, சுற்றியிருந்த கிராமங்களின் நிலம் தண்ணீருக்கு இரையாயிற்று.

தட்டையான அடிப்பாகம் கொண்ட படகுகளில் வீரர்கள் புறப்பட்டார்கள். ஆனால், தண்ணீர் போதவில்லை. படகு தரை தட்டி நின்றது. காற்றும் எதிராக வீசியது. செப்டம்பர் முழுவதும் இப்படியே கழிந்தது. மதில் மேல் நின்றவர்கள் தூரத்தில் தெரிந்த படகுகளைப் பார்த்துக் கொண்டே பட்டினி கிடந்தார்கள்.

அக்டோபர் தொடக்கத்தில் காற்று திரும்பியது. புயல் அடித்தது. கடல் பொங்கி உள்ளே பாய்ந்தது. தண்ணீர் ஏற ஏறப் படகுகள் நகர்ந்தன. ஸ்பெயின் வீரர்கள் பயந்தார்கள். அக்டோபர் 2-ந் தேதி இரவோடு இரவாக ஓடிவிட்டார்கள். மறுநாள் காலை, 3-ந் தேதி, படகுகள் ஊருக்குள் வந்தன.

ரொட்டியும் மீனும்

வந்தவர்கள் முதலில் என்ன செய்தார்கள்? வெற்றி முரசு கொட்டவில்லை. சாப்பாடு கொடுத்தார்கள். வெள்ளை ரொட்டியும், உப்பிட்ட ஹெர்ரிங் மீனும். வாய்க்கால் கரைகளில் கைநீட்டி நின்ற மக்களுக்குப் படகிலிருந்தபடியே கொடுத்தார்கள்.

இன்னொரு கதையும் உண்டு. ஒரு அனாதைச் சிறுவன் துணிந்து ஊருக்கு வெளியே போனானாம். எதிரியின் கோட்டையில் ஆள் இல்லை. ஆனால், அடுப்பின் மேல் ஒரு பாத்திரம் இருந்தது. அதில் கிழங்குகளும் இறைச்சியும் போட்டுச் சமைத்த குழம்பு இருந்தது. ஓடிய அவசரத்தில் எதிரிகள் விட்டுவிட்டுப் போன சாப்பாடு! சிறுவன் அதை ஊருக்குள் கொண்டுவந்தான். அந்தப் பாத்திரம் என்று சொல்லப்படும் ஒன்றை லெய்டனில் உள்ள லாக்கன்ஹால் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள்.

அந்தக் குழம்பின் ஞாபகமாக, அக்டோபர் 3-ந் தேதி லெய்டனில் "ஹட்ஸ்பாட்" என்ற பண்டம் செய்கிறார்கள். உருளைக்கிழங்கு, காரட், வெங்காயம் மூன்றையும் வேகவைத்து மசிக்க வேண்டும். நம் வீட்டுப் பெண்கள் பார்த்தால், "இது மசியல்தானே!" என்பார்கள். கூட மாட்டிறைச்சி வைத்துச் சாப்பிடுவது அவர்கள் வழக்கம். 1574-ல் அந்த ஊர்ச் சமையலில் உருளைக்கிழங்கு கிடையாது. அப்போது போட்டது பார்ஸ்னிப் என்ற வெள்ளைக் கிழங்கு. உருளை பிற்காலத்தில் வந்து சேர்ந்தது.

ஊர் மீண்ட நாலு மாதத்தில், 1575 பிப்ரவரி 8-ந் தேதி, லெய்டனில் பல்கலைக்கழகம் திறக்கப்பட்டது. ஊர் மக்கள் காட்டிய உறுதிக்கு இளவரசர் வில்லியம் தந்த பரிசு அது என்று சொல்வார்கள். வரி விலக்கு வேண்டுமா, பல்கலைக்கழகம் வேண்டுமா என்று கேட்டதற்கு, மக்கள் பல்கலைக்கழகத்தைக் கேட்டார்கள் என்றும் ஒரு கதை உண்டு. கதை எப்படியானாலும், பட்டினி கிடந்த ஊரில் கல்விச்சாலை எழுந்தது உண்மை. நம் ஊர்ப் பெண் படிக்கப் போனதும் அந்தக் கல்விச்சாலைக்குத்தான்!

இன்றைய விழா

விழாவை நடத்துவதற்கென்றே 1886-ல் ஒரு சங்கம் அமைத்தார்கள். 2024-ல் 450-வது ஆண்டு விழா நடந்தது.

அக்டோபர் 2-ந் தேதி மாலையே ஊர்வலம் தொடங்கிவிடும். 3-ந் தேதி காலை 7 மணிக்கு நகர மண்டபத்தின் முன்னால் வாத்தியம் முழங்கி ஊரை எழுப்புவார்கள். அப்போது நம் ஊரில் மணி பத்தரை. பிறகு பூங்காவில் கூடிப் பாடுவார்கள். பழைய எடைச்சாவடிக் கட்டடத்தில் ரொட்டியும் மீனும் வழங்குவார்கள். பெரிய தேவாலயத்தில் நன்றி வழிபாடு நடக்கும். அலங்கார வண்டி ஊர்வலம் போகும். ராட்டினம், ரங்கராட்டினம் என்று குழந்தைகளுக்குக் கொண்டாட்டம்.

இன்று அந்த ஊரில் ரொட்டிக்குப் பஞ்சமா? இல்லை. மூலைக்கு மூலை கடை இருக்கிறது. ஆனாலும் வரிசையில் நின்று அந்த ரொட்டியை வாங்குகிறார்கள். ஏன்? "ஒரு காலத்தில் நாம் பசித்திருந்தோம், யாரோ வந்து நமக்குச் சோறு கொடுத்தார்கள்" என்பதை மறக்கக் கூடாது என்பதற்காக!

வாழ்த்து எல்லோருக்கும்

அந்த நாட்டில் பிறந்த நாள் கொண்டாடும் முறையும் வேடிக்கையானது. பிறந்த நாள்காரருக்கு மட்டும் வாழ்த்துச் சொல்லி நிறுத்த மாட்டார்கள். அவருடைய தாய்க்கும் கை கொடுத்து, "உங்கள் மகனுக்குப் பிறந்த நாள், வாழ்த்துகள்!" என்பார்கள். மனைவிக்கும், அண்ணனுக்கும், தங்கைக்கும் வாழ்த்துச் சொல்வார்கள். நண்பர்களையும் விடமாட்டார்கள். நாற்காலிகளை வட்டமாகப் போட்டு எல்லோரும் உட்காருவார்கள். புதிதாக வருகிறவர் வட்டத்தைச் சுற்றி வந்து ஒவ்வொருவருக்கும் கை கொடுப்பார்.

நினைத்துப் பார்த்தால் அதில் அர்த்தம் இருக்கிறது. ஒருவர் பிறந்தது அவருக்கு மட்டுமா லாபம்? அவரைப் பெற்றவர்களுக்கும், கூடப் பழகுகிறவர்களுக்கும் அல்லவா?

இன்னொரு பழக்கமும் உண்டு. அங்கே பிறந்த நாள்காரர்தான் மற்றவர்களுக்குக் கேக் வாங்கிக்கொண்டு வர வேண்டும். ஆபீசில் வேலை செய்பவரும் அப்படியே. பள்ளிக்கூடத்துக் குழந்தையும் அப்படியே. நமக்கு இது புதிதல்ல. நம் பிள்ளைகளும் பிறந்த நாளன்று புதுச் சட்டை போட்டுக்கொண்டு, வகுப்பில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுக்கிறார்களே! கொடுத்துக் கொண்டாடுவதில் இரண்டு நாடும் ஒன்றுதான்.

கதவைத் திறந்தாள்

இனி அந்த ஜன்னல் ஓரத்துப் பெண்ணிடம் வருவோம்.

அவளுக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. கதவைச் சாத்திக்கொண்டு, யாராவது தன் பிறந்த நாளைக் கேட்பார்களா என்று காத்திருக்கலாம். யாரும் கேட்க மாட்டார்கள். அது அவர்கள் குற்றமல்ல. வந்து ஒரு மாதமே ஆன பெண்ணின் பிறந்த நாள் யாருக்குத் தெரியும்?

இன்னொரு வழி, தானே போய்ப் பக்கத்து அறைக் கதவைத் தட்டுவது. "இன்று எனக்குப் பிறந்த நாள். ராத்திரி என் அறைக்குச் சாப்பிட வாருங்கள்" என்று சொல்வது. கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால், அந்த நாட்டில் அதை யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். பிறந்த நாள்காரர் அழைப்பதுதான் அங்கே முறை.

அவள் இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுக்கிறாள். பகலெல்லாம் தோழிகளோடு விழாப் பார்க்கிறாள். ரொட்டி வரிசையில் நிற்கிறாள். மாலையில், ஊரிலிருந்து கொண்டுவந்த சேமியாவில் கொஞ்சம் எடுத்துப் பாயசம் காய்ச்சுகிறாள். அந்த ஊர்த் தோழி ஹட்ஸ்பாட் மசித்துக் கொண்டுவருகிறாள். இவளுக்காக இறைச்சியைத் தனியாக வைத்துவிடுகிறாள். சுமத்ரா தீவிலிருந்து படிக்க வந்த ஒரு பெண்ணும் வருகிறாள். இரண்டு நாற்காலிதான் இருக்கிறது. மற்றவர்கள் கட்டிலிலும் தரையிலும் உட்காருகிறார்கள். வட்டம் வந்துவிட்டது!

அந்த ஊர்த் தோழி, அவர்கள் வழக்கப்படி, எல்லோருக்கும் கை கொடுத்து வாழ்த்துகிறாள். காரட் மசியலுக்கு நம் ஊர் ஊறுகாயைத் தொட்டுக்கொள்கிறார்கள். நாலு பேர் கிடைத்துவிட்டார்கள்.

செப்பேடு சொல்லும் செய்தி

லெய்டன் என்ற பெயர் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. சோழர் வரலாறு படித்தவர்கள் "லெய்டன் செப்பேடுகள்" என்று கேள்விப்பட்டிருப்பார்கள். ஆனைமங்கலச் செப்பேடுகள் என்றும் அவற்றைச் சொல்வார்கள். அவை இரண்டு தொகுதிகள். பெரிய தொகுதியில் 21 ஏடுகள். ராஜேந்திர சோழனின் முத்திரை பொறித்த வளையத்தில் கோத்தவை. சிறிய தொகுதியில் 3 ஏடுகள். அது முதலாம் குலோத்துங்கன் காலத்தது.

பெரிய செப்பேடு என்ன சொல்கிறது?

ஸ்ரீவிஜய நாட்டு மன்னர் நாகப்பட்டினத்தில் ஒரு புத்த விகாரம் எழுப்பினார். கடல் கடந்து வாணிகத்துக்கு வருகிறவர்கள் வழிபட ஓர் இடம் வேண்டாமா? ராஜராஜ சோழன் சிவபக்தன். தஞ்சைப் பெரிய கோவிலைக் கட்டியவன். ஆனாலும், "இது அந்நியர் கட்டியது, வேறு மதத்தது" என்று அவன் ஒதுக்கவில்லை. அந்த விகாரத்தின் செலவுக்காக ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயையே விட்டுக்கொடுத்தான். அந்தக் கொடை என்றும் நிலைக்க, அவன் மகன் ராஜேந்திரன் காலத்தில் செம்பில் எழுதினார்கள். இது நடந்து ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது.

1658-ல் டச்சுக்காரர்கள் நாகப்பட்டினத்தைப் பிடித்தார்கள். 1781 வரை அது அவர்கள் கையில் இருந்தது. அந்தக் காலத்தில் செப்பேடுகள் கடல் கடந்து ஹாலந்து போயின. பிறகு லெய்டன் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்து, நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அந்த நூலகத்தில் இருந்தன.

ஸ்ரீவிஜய நாட்டின் தலைமை இடம் சுமத்ரா தீவில்தான் இருந்தது. அன்று அந்த நாட்டு மன்னருக்கு நாகப்பட்டினத்தில் இடம் கொடுத்தோம். இன்று நம் ஊர்ப் பெண்ணும் சுமத்ராப் பெண்ணும் மூன்றாவது நாடு ஒன்றில், ஒரே சட்டியிலிருந்து பாயசம் குடிக்கிறார்கள்!

நம் வாசலில் நிற்பவர்

பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிய பெற்றோரின் கவலை என்ன? "அந்நிய ஊரில் என் பிள்ளையை யாராவது கவனிப்பார்களா? நல்ல நாளில் ஒரு வாய் கூப்பிட்டுப் போடுவார்களா?" என்பதுதான். நியாயமான கவலை.

அதே கவலையோடு பீகாரில் ஒரு தாய் இருக்கிறாள். ஒடிசாவில் ஒரு தாய் இருக்கிறாள். அசாமில் ஒரு தாய் இருக்கிறாள். அவர்கள் பெற்ற பிள்ளைகள் திருப்பூர்ப் பனியன் கம்பெனியில் இருக்கிறார்கள். சென்னையில் சாரம் கட்டி வேலை செய்கிறார்கள். ஓட்டலில் இலை எடுக்கிறார்கள்.

பொங்கலன்று கம்பெனிக்கு லீவு. ஊரே கொண்டாடுகிறது. கரும்பும் மஞ்சளுமாகத் தெரு நிறைந்திருக்கிறது. அன்றைக்கு அந்தப் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள்? தகரக் கொட்டகையில், பத்துப் பேர் தங்கும் அறையில், போனில் ஊரைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறார்கள். அவர்களில் ஒருவனுக்கு அன்று பிறந்த நாளாகவும் இருக்கலாம். யாருக்குத் தெரியும்?

"முன்பின் தெரியாதவரை எப்படி வீட்டுக்குள் கூப்பிடுவது?" என்று சிலர் கேட்கலாம். பெண்களும் குழந்தைகளும் உள்ள வீட்டில் அந்தத் தயக்கம் இருக்கத்தான் செய்யும். வீட்டுக்குள் கூப்பிட வேண்டாம். ஒரு தூக்குவாளியில் சர்க்கரைப் பொங்கல் எடுத்துப்போய் அவர்கள் இருக்கும் இடத்தில் கொடுக்கலாமே! கூட நம் பிள்ளையையும் அழைத்துப் போகலாம். பொங்கல் என்றால் என்ன என்று அவன் அவர்களுக்குச் சொல்லட்டும். அவர்கள் ஊர் அறுவடை விழாவைப் பற்றி இவன் கேட்டுக்கொள்ளட்டும். லெய்டனில் பக்கத்து அறைப் பெண் செய்தது இதுதானே? தன் ஊர் விழாவின் கதையைச் சொன்னாள். கூட அழைத்துப்போனாள். வேறென்ன செய்தாள்?

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. அந்த ஊர் விழா வந்தால், "இது நம் விழா அல்லவே" என்று அறையில் முடங்க வேண்டாம். எதற்காகக் கொண்டாடுகிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்டால் எந்த ஊரானும் மகிழ்ந்து சொல்வான். உங்கள் பிறந்த நாள் வந்தால், வாழ்த்துக்குக் காத்திராமல், ஒரு கிண்ணம் பாயசத்தோடு பக்கத்து அறைக் கதவைத் தட்டுங்கள்.

பெற்றோரும் ஒன்று செய்யலாம். டெலிபோனில், "சாப்பிட்டாயா?" என்று கேட்பது நம் வழக்கம். அடுத்த பிறந்த நாளுக்குப் பேசும்போது, அதோடு இன்னொரு கேள்வியையும் கேளுங்கள்:

"இன்று யாருக்குச் சாப்பாடு போட்டாய்?"